பழைய என்விடியா கார்டு, புதிய லினக்ஸ் கெர்னல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவித் தருபவர்களிடம் ஒவ்வொரு கெர்னல் (லினக்ஸின் மைய நிரல்) புதுப்பிப்புக்குப் பிறகும் ஒரே விதமான சந்தேகங்கள் வந்து சேர்கின்றன. கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே அவற்றை எழுதி, எளிதானவற்றில் தொடங்கிச் சிக்கலானவை வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெரும்பகுதி என்விடியாவைப் பற்றியது. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு இந்தத் தொல்லை ஏன் குறைவு என்பது 17ஆம் கேள்வியில் இருக்கிறது.

1. நேற்று வரை நன்றாக ஓடியது. அப்டேட் செய்தேன், இப்போது திரை கறுப்பாக நிற்கிறது. கார்டு போய்விட்டதா?

பெரும்பாலும் கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்டேட்டில் புதிய கெர்னல் வந்திருக்கும். பழைய டிரைவர் அந்தக் கெர்னலுக்காகக் கம்பைல் ஆகாமல், அதாவது மூல நிரலிலிருந்து இயங்கும் வடிவத்துக்கு மாறாமல், நின்றிருக்கும். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலைக் கொண்டுவாருங்கள். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் முந்தைய கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அதில் திரை வந்துவிட்டால் காரணம் கெர்னல் மாற்றம்தான் என்பதும் உறுதியாகிவிடும்.

பழைய கெர்னல் அழிக்கப்பட்டிருந்தால், கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்துத் தொடங்குங்கள். காட்சித் தரம் குறைவாக இருந்தாலும் உள்ளே நுழைந்து பழுது பார்க்க இது போதும். இந்த நிலைக்கு வந்த பலரும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடுகிறார்கள். அப்படிச் செய்யத் தேவையே இல்லை.

2. என் கார்டுக்கு எந்த டிரைவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியில் ஜிடி 730 என்றுதான் போட்டிருக்கிறது.

பெட்டியில் உள்ள பெயரை நம்ப வேண்டாம். ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு தலைமுறைச் சில்லுகள் விற்கப்பட்டன: ஒன்று ஃபெர்மி, மற்றொன்று கெப்ளர். ஜிஃபோர்ஸ் 405 பெயரளவில் 400 வரிசை, உள்ளே இருப்பதோ அதற்கு முந்தைய தலைமுறைச் சில்லு. மடிக்கணினிகளில் வந்த 820எம் ஒரு ஃபெர்மி. ஜிடிஎக்ஸ் 750 என்பது 700 வரிசைப் பெயரில் வந்த மேக்ஸ்வெல்.

முனையத்தில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்து, 'விஜிஏ' என்று வரும் வரியைப் பாருங்கள். என்விடியா என்ற பெயரை அடுத்து ஒரு சில்லுக் குறியீடு இருக்கும். அது ஜி8, ஜி9 அல்லது ஜிடி2 என்று தொடங்கினால் டெஸ்லா தலைமுறை. அதற்கு 340 டிரைவர். ஜிஎஃப் என்றால் ஃபெர்மி, 390. ஜிகே என்றால் கெப்ளர், 470. ஜிஎம், ஜிபி என்றால் மேக்ஸ்வெல், பாஸ்கல், இவற்றுக்கு 580. ஜிஃபோர்ஸ் 6, 7 வரிசைகளுக்கு 304 இருந்தது; அதன் கடைசிப் பதிப்பு 2017இல் வந்தது. அந்த டிரைவர், திரைக் காட்சியை நடத்தும் எக்ஸ் சர்வரின் 1.19 பதிப்பைத் தாண்டி ஓடாது. ஆகவே அவற்றைக் கெர்னலுக்குள்ளேயே வரும் கட்டற்ற நூவோ டிரைவரில் ஓட்டுவதைத் தவிர இன்று வேறு வழியில்லை.

தவறான டிரைவரை நிறுவியிருந்தால் கெர்னலே சொல்லிவிடும். டிஎம்எஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் 'என்விஆர்எம்' என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். இந்தக் கார்டை 470 அல்லது 340 லெகசி (பழைய கார்டுகளுக்கான) டிரைவர்தான் ஆதரிக்கிறது என்று எண்ணோடு எழுதியிருக்கும்.

3. விண்டோஸில் பத்து வருடத்துக்கு முந்தைய டிரைவர் இன்றும் ஓடுகிறதே. லினக்ஸில் மட்டும் ஏன் உடைகிறது?

லினக்ஸ் கெர்னல் ஒரு வாக்குறுதியைக் கறாராகக் காப்பாற்றுகிறது: பயனர் நிரல்கள் உடையக் கூடாது. ஆனால் கெர்னலுக்குள் இருக்கும் இடைமுகங்களுக்கு அத்தகைய வாக்குறுதி எதுவும் கிடையாது. இது வேண்டுமென்றே எடுத்த முடிவு. ஏன் என்று விளக்கி கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கெர்னலின் மூல நிரலோடு சேர்ந்தே வருகிறது. டிரைவர் கெர்னல் மூலத்துக்குள் இருந்தால், இடைமுகத்தை மாற்றுபவரே அந்த டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார் என்பது அதன் சாரம்.

என்விடியாவின் பழைய டிரைவர்கள் அந்த மூலத்துக்கு வெளியே இருப்பவை. அவற்றில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்டு மூடிய நிலையில் வரும் பெரிய இருமக் கோப்பு. மற்றொன்று, அதைக் கெர்னலோடு பிணைக்கும் சி மொழி நிரல். அது மூலமாகவே வருகிறது, உங்கள் கணினியில்தான் கம்பைல் ஆகிறது. உடைவது பெரும்பாலும் இந்தப் பிணைப்புப் பகுதிதான். திருத்தக்கூடியதும் அதுதான். பழைய கார்டுகள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்கு முழுக் காரணம், அந்தப் பகுதியை யாரோ சிலர் ஊதியமின்றித் தொடர்ந்து திருத்தி வருவதே. அவர்களுக்கு நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

4. கெர்னலில் அப்படி என்னதான் மாறுகிறது? சும்மா பெயரை மாற்றுகிறார்களா?

சில மாற்றங்கள் பெயரளவில்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கெர்னல் 5.6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2038ஆம் ஆண்டில் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பி வழியும் என்பதால், பழைய 'டைம்வால்' அமைப்பைக் கெர்னலுக்குள்ளிருந்து அகற்றினார்கள். அதே பதிப்பில் 'பிராக்' கோப்புகளுக்கெனத் தனி அமைப்பு வந்தது. 'ஐஓரீமேப் நோகேஷ்' என்ற செயல்கூறு நீங்கியது. 340 டிரைவர் இம்மூன்றையும் பயன்படுத்தி வந்தது. அதன் கடைசிப் பதிப்பான 340.108 வெளியானது 2019 டிசம்பரில், அதாவது 5.6 வருவதற்குச் சில மாதங்கள் முன்பு. அதனால் 5.4இல் அப்படியே கம்பைல் ஆகும் அது, 5.6இல் பேட்ச் (மூல நிரலில் செய்யும் சிறு திருத்தம்) இல்லாமல் ஆகாது.

5.8இல் நினைவகப் பூட்டின் பெயர் 'எம்மேப் செம்' என்பதிலிருந்து 'எம்மேப் லாக்' என்று மாறியது. 5.18இல் பிசிஐ சாதனங்களுக்கான பழைய டிஎம்ஏ உறைச் செயல்கூறுகள் நீக்கப்பட்டன. 6.3இல் நினைவகப் பகுதிகளின் கொடிகளை டிரைவர் நேரடியாக மாற்றுவது தடுக்கப்பட்டது. அதற்கென உள்ள செயல்கூறு வழியாகவே மாற்ற வேண்டும். இந்தத் தடை, அடுத்து 6.4இல் வந்த பகுதிவாரிப் பூட்டுக்கான முன்னேற்பாடு. பல இழைகளில் ஓடும் நிரல்களுக்கு அதனால் உண்மையான வேகம் கிடைத்தது. 6.15இலோ மாட்யூல் (டிரைவர் போன்று கெர்னலில் ஏற்றப்படும் துணை நிரல்) கட்டமைப்பில் 'எக்ஸ்ட்ரா சிஃப்ளாக்ஸ்' என்ற பழைய மாறிக்கு இருந்த ஆதரவே போய்விட்டது. அந்த மாறியை நம்பியிருந்த பழைய மாட்யூல்கள், கம்பைல் தொடங்கிய உடனேயே ஹெடர் கோப்பை (செயல்கூறுகளைக் கம்பைலருக்கு அறிவிக்கும் கோப்பு) காணவில்லை என்று நின்றுவிடும்.

கம்பைலரும் தன் பங்குக்கு மாறுகிறது. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14, அறிவிக்கப்படாத செயல்கூறுகளை அழைப்பதையும் பொருந்தாத சுட்டிகளைக் கலப்பதையும் எச்சரிக்கையோடு விடாமல் பிழையாகவே நிறுத்துகிறது. கெர்னலை மாற்றவில்லை, இருந்தும் உடைந்தது என்று யாராவது சொன்னால் கம்பைலர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

5. என்விடியா தளத்தில் '.ரன்' கோப்பு கிடைக்கிறதே. அதை இறக்கி நேரடியாக நிறுவினால் ஆகாதா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்தக் கோப்பில் இருப்பது பேட்ச் இல்லாத டிரைவர். முந்தைய பதிலில் சொன்ன மாற்றங்கள் எதுவும் அதற்குத் தெரியாது. தவிர, 340 டிரைவர் முப்பரிமாணக் காட்சிக்கான ஓபன்ஜிஎல் நூலகங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வருவதற்கு முந்தையது. அதன் நிறுவி கணினியின் ஓபன்ஜிஎல் நூலகத்தின் மேலேயே தன்னுடையதை எழுதிவிடும். நாளை மெசா (கட்டற்ற டிரைவர்களுக்கான ஓபன்ஜிஎல் நூலகம்) புதுப்பிக்கப்பட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். அதற்குப் பின் நூவோவுக்குத் திரும்பினாலும் முப்பரிமாணக் காட்சி வராது.

உங்கள் வழங்கலின் தொகுப்பையே பயன்படுத்துங்கள். டெபியனின் அன்ஸ்டேபிள் கிளை, ஃபெடோராவுக்கான ஆர்பிஎம் ஃப்யூஷன், ஆர்ச்சின் ஏயூஆர் ஆகியவற்றில் பழைய டிரைவர்கள் பேட்சுகளோடு பராமரிக்கப்பட்டு வந்திருக்கின்றன.

6. 'டிகேஎம்எஸ்' பிழை என்று சிவப்பில் வருகிறது. எங்கிருந்து பார்ப்பது?

முதலில் கெர்னல் ஹெடர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மாட்யூலைத் தானாகக் கம்பைல் செய்யும் ஏற்பாடு. அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் தொகுப்பு அதே பதிப்பில் இருந்தாக வேண்டும். என்னிடம் வரும் 'டிரைவர் உடைந்தது' புகார்களில் கணிசமானவை ஹெடர் தொகுப்பு இல்லாததால் வருபவையே. தனிப் பதிப்பு எண் கொண்ட ஹெடரை நிறுவாமல், கெர்னலோடு சேர்ந்து தானாகப் புதுப்பிக்கப்படும் பொதுத் தொகுப்பை நிறுவிக்கொண்டால் இது மீண்டும் வராது.

ஹெடர் இருந்தும் பிழை என்றால், 'வார்' அடைவுக்குள் 'லிப்', அதற்குள் 'டிகேஎம்எஸ்', அதற்குள் டிரைவரின் பெயரிலுள்ள அடைவு என்று போய், 'மேக்.லாக்' கோப்பைத் திறங்கள். கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை; அது தோல்வி என்று மட்டுமே சொல்லும். மேலிருந்து தேடி, 'எர்ரர்' என்ற சொல் முதலில் வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே குவிந்திருக்கும் பிழைகளில் பல அந்த முதல் பிழையின் விளைவுகள். உதவி கேட்கும்போதும் அந்த முதல் பிழையையும் கெர்னல் பதிப்பையும் ஜிசிசி பதிப்பையும் சேர்த்துக் கொடுத்தால், பதில் சொல்பவர் உடனே சொல்லிவிட முடியும்.

7. கம்பைல் ஆகிவிட்டது என்கிறது. ஆனால் மாட்யூல் ஏறவில்லை.

மூன்று காரணங்களைப் பாருங்கள். நூவோ முந்திக்கொண்டு கார்டைப் பிடித்திருக்கலாம். அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது, தொடக்க ராம் படிமத்தையும் (கெர்னலோடு முதலில் ஏறும் கோப்பு) மறுபடி உருவாக்க வேண்டும். இல்லையென்றால் பழைய படிமத்துக்குள் இருக்கும் நூவோ அடுத்த முறையும் ஏறிவிடும். அடுத்து செக்யூர் பூட். அது இயங்கும் கணினியில், நீங்கள் கம்பைல் செய்த மாட்யூலுக்குக் கையொப்பம் இல்லாவிட்டால் சாவி நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி வரும். உங்கள் சாவியைப் பதிவு செய்யலாம், அல்லது செக்யூர் பூட்டை அணைக்கலாம்.

மூன்றாவது சற்று அரிது. பழைய கார்டைப் புதிய இன்டெல் பலகையில் செருகியிருப்பவர்களுக்கு வரும். 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் செயலிகளில் ஐபிடி என்ற பாதுகாப்பு வசதி உண்டு, 5.18 முதல் கெர்னல் அதைப் பயன்படுத்த முடியும். மறைமுகத் தாவல் ஒவ்வொன்றும் அடையாளமிட்ட இடத்தில்தான் இறங்க வேண்டும் என்பது அதன் விதி. பழைய இருமக் கோப்பில் அந்த அடையாளங்கள் இல்லை. பூட் வரியில் (முதல் பதிலில் சொன்ன 'லினக்ஸ்' வரி) ஐபிடியை அணைத்தால் ஏறிவிடும். கணினியின் ஒரு பாதுகாப்பைக் கைவிட்டுத்தான் இதைச் செய்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

8. மாட்யூலும் ஏறியது. ஆனால் உள்நுழைவுத் திரை வரவில்லை.

சிக்கல் கெர்னலைத் தாண்டி எக்ஸ் சர்வருக்கு வந்துவிட்டது. எக்ஸ் சர்வரும் தன் டிரைவர்களோடு ஒரு பதிப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும். 340 டிரைவர் 1.20 பதிப்பு வரையே அறியும். இன்றைய வழங்கல்களில் இருப்பது 21.1. எக்ஸ் அமைப்புக் கோப்பில் 'சர்வர் ஃப்ளாக்ஸ்' பகுதியில் 'இக்னோர் ஏபிஐ' என்ற விருப்பத்தை இயக்கினால் இந்த ஒப்பீடு தவிர்க்கப்படும். உள்ளே மாற்றம் குறைவு என்பதால் 340 ஓடிவிடுகிறது.

இன்னொன்று: புதிய கெர்னல்கள் தொடக்கத்திலேயே 'சிம்பிள்டிஆர்எம்' என்ற எளிய காட்சி டிரைவரை ஏற்றுவது உண்டு. அது முதல் கார்டு என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டால், பழைய டிரைவரோடு எக்ஸ் குழம்பும். அதன் தொடக்கத்தைப் பூட் வரியில் தடுத்துவிட்டால் சரியாகும். சரியான எழுத்துக்கூட்டை உங்கள் வழங்கலின் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் கெர்னல் முறையிடாமல் கடந்துபோகும்.

9. வேலண்டில் ஓட்ட முடியுமா?

வேலண்ட் என்பது எக்ஸுக்குப் பதிலாக வந்த புதிய காட்சி முறை. பழைய மூடிய டிரைவரோடு என்றால், முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 340இல் கெர்னல் வழிக் காட்சியமைப்பே கிடையாது. வேலண்டுக்குத் தேவையான ஜிபிஎம் இடைமுகம் என்விடியாவில் 495இல்தான் வந்தது. 390க்கும் 470க்கும் அது கிடைக்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49 மேசைச் சூழல், எக்ஸ் அமர்வை இயல்பாகவே அணைத்துவிட்டது. ஆகவே லெகசி டிரைவர் வேண்டும் என்றால் எக்ஸ்எஃப்சிஇ, மேட் போன்ற மேசைச் சூழல்களுக்குப் போய்விடுங்கள். நூவோவில் வேலண்ட் ஓடும்.

10. இத்தனை பாடு எதற்கு? நூவோ போதாதா?

பலருக்குப் போதும், அதைத் தயங்காமல் சொல்கிறேன். நூவோ கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கட்டற்ற டிரைவர். பெரும்பாலும் என்விடியாவின் ஆவணங்கள் இல்லாமல், அதன் டிரைவர் கார்டோடு பேசுவதை உற்றுக் கவனித்து எதிர்த்திசையில் கண்டறிந்து எழுதப்பட்டது. 3ஆம் பதிலில் சொன்னபடி, கெர்னலில் எது மாறினாலும் அதுவும் சேர்ந்தே திருத்தப்படுகிறது. ஜிஃபோர்ஸ் 210, 8400 ஜிஎஸ் போன்ற சிறிய கார்டுகளில் இணையம், அலுவலகக் கோப்புகள், இரண்டு திரைகள் என்ற அளவில் வேலை செய்பவர் 340க்காகப் போராடுவதில் பொருளே இல்லை. டெஸ்லா தலைமுறை வைத்திருப்பவர்கள் முதலில் நூவோவில் சில நாட்கள் வேலை செய்து பார்த்துவிட்டு, அதற்கும் போதாமல் போனால் மட்டும் மேலே போகலாம்.

கெப்ளருக்கு நூவோ ஓரளவு ஈடுகொடுக்கும். ஃபெர்மிக்காரர்கள்தான் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டவர்கள். 390இன் கடைசிப் பதிப்பான 390.157 வந்தது 2022 நவம்பரில். நூவோவிலோ ஃபெர்மியின் கடிகார வேகத்தை உயர்த்த வழியில்லை. தொடங்கும்போது இருக்கும் குறைந்த வேகத்திலேயே பெரும்பாலும் நிற்கும். கொஞ்சம் பணம் செலவிட முடியும் என்றால், ஃபெர்மியைக் கழற்றிவிட்டு, தனி மின் இணைப்பு தேவைப்படாத ஆர்எக்ஸ் 550 போன்ற பழைய ரேடியான் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிப் போடுங்கள். கார்டைக் காப்பாற்றுவதைவிடக் கணினியைக் காப்பாற்றுவது முக்கியம்.

11. நூவோவில் வேகத்தைக் கூட்ட முடியும் என்று படித்தேன். உண்மையா?

சில்லைப் பொறுத்தது. ஜிடி215 முதல் ஜிடி218 வரையிலான டெஸ்லா சில்லுகள், கெப்ளர், முதல் மேக்ஸ்வெல் ஆகியவற்றில் கையால் உயர்த்தலாம். டீபக் கோப்பு முறைமையில் கார்டின் அடைவுக்குள் 'பிஸ்டேட்' என்ற கோப்பு இருக்கும். அதைப் படித்தால் கார்டு ஏற்கும் வேக நிலைகள் வரிசையாகத் தெரியும். வேண்டிய நிலையின் குறியீட்டை அதிலேயே எழுதினால் கார்டு அந்த வேகத்துக்கு மாறும். கெப்ளரில் இதன் பலன் கண்கூடு.

ஆனால் இது தானாக நடக்காது, தானாகக் குறையவும் செய்யாது. உச்ச நிலையில் விட்டால் கார்டு அங்கேயே நின்று சூடாகும். விசிறியில் தூசு அடைந்த பழைய கார்டில் வெப்ப அளவைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஜிஃபோர்ஸ் 900 வரிசை முதல் என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைக் கட்டாயமாக்கியதால், 900, 1000 வரிசைகளில் இந்த வழி அடைபட்டுவிட்டது.

12. சரி, எனக்கு மூடிய டிரைவர்தான் வேண்டும். எந்தக் கெர்னலில் நின்றுகொள்ளலாம்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். பழைய கார்டுக்குப் புதிய கெர்னல் எதையும் கூடுதலாகத் தருவதில்லை. உங்களுக்குத் தேவை பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும் ஒரு நீண்டகால ஆதரவுக் கெர்னல், அதாவது எல்டிஎஸ். 340க்கு மிகப் பொருத்தமாக இருந்த 5.4இன் ஆதரவு 2025 டிசம்பரில் முடிந்துவிட்டது. 5.10, 5.15 ஆகியவற்றுக்கு 2026 டிசம்பர் வரையிலும் 6.1க்கு 2027 டிசம்பர் வரையிலும் ஆதரவு அறிவிக்கப்பட்டிருக்கிறது.

390 பேட்ச் இல்லாமல் 6.1 வரை போகும், 6.2 முதல் பேட்ச் வேண்டும். 470இன் கடைசிப் பதிப்பு 470.256.02, 2024இல் வந்தது, அதற்கு 6.10 முதல் பேட்ச் வேண்டும். 390 தேவைப்படுபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் 21ஐப் பரிந்துரைக்கிறேன். அது உபுண்டு 22.04 அடிப்படையில் ஆனது, இயல்பாக 5.15 கெர்னலில் நிற்பது, 2027 வரை ஆதரவுள்ளது. உபுண்டு 22.04ஐ நேரடியாக நிறுவினால் ஒரு கண்ணி இருக்கிறது: அதன் மேசைப் பதிப்பு, கெர்னலைக் காலப்போக்கில் 6.8 வரை தானாக உயர்த்திவிடும். 'எச்டபிள்யூஇ' என்ற அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு, 'ஜெனெரிக்' கெர்னலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

32 பிட் கணினி என்றால் தெரிவுகள் இன்னும் சுருங்கும். 32 பிட் லினக்ஸில் ஓடும் கடைசி என்விடியா டிரைவர் 390. டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12 உடன் நூவோ என்பதே எனக்குத் தெரிந்து நல்ல சேர்க்கை.

13. நான் எல்டிஎஸ் கெர்னலில்தான் இருந்தேன். அதிலும் உடைந்ததே?

நடக்கும். 2024 பிப்ரவரியில் டெபியன் 12.5 வந்தபோது நிலையான கிளையில் இருந்த ஏராளமானோருக்கு இது நடந்தது. அதில் வந்த 6.1.76 கெர்னலில், ஒரு நினைவகப் பக்கம் செல்லுமா என்று பார்க்கும் சிறிய செயல்கூறுக்குள் ஆர்சியூ பூட்டு சேர்க்கப்பட்டிருந்தது. அந்தப் பூட்டின் குறியீடு ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் கொண்ட மாட்யூல்களுக்கு மட்டுமே திறந்தது. என்விடியா மாட்யூல் அதை நேரடியாக அழைக்கவில்லை. ஹெடர் கோப்பின் வழியாக அது உள்ளே வந்துவிட்டது. உரிமம் பொருந்தாததால் கம்பைலின் இறுதிக் கட்டத்தில் நின்றுபோனது. அடுத்து வந்த கெர்னல் பதிப்புகளில் சரிசெய்யப்பட்டது.

இதற்கு எளிய தற்காப்பு, ஓடுகிறது என்று தெரிந்த ஒரு கெர்னலை எப்போதும் கூடவே வைத்திருப்பது. டெபியன், உபுண்டுவில் 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' அதைப் பூட்டி வைக்கும். ஆர்ச்சில் 'லினக்ஸ்-எல்டிஎஸ்' தொகுப்பை வழக்கமான கெர்னலோடு சேர்த்தே நிறுவுங்கள். புதிய கெர்னல் வந்ததும் கணினியை அணைப்பதற்கு முன் டிகேஎம்எஸ் நிலையைப் பார்த்துவிடுங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொண்டவருக்கு முதல் கேள்வி எழாது.

14. யாரோ எழுதிய பேட்ச் கிடைத்தது. நம்பிப் போடலாமா?

படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இந்தப் பேட்சுகள் பெரும்பாலும் சிறியவை. கெர்னல் பதிப்பைச் சோதிக்கும் ஒரு நிபந்தனை, அதற்குக் கீழே பழைய அழைப்புக்குப் பதில் புதிய அழைப்பு என்ற வடிவில்தான் இருக்கும். சி மொழி அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் 4ஆம் பதிலில் சொன்ன மாற்றங்களை அதில் அடையாளம் காண முடியும். பேட்சோடு ஆயத்த இருமக் கோப்பு ஏதாவது வந்தாலோ, நிறுவும் ஸ்கிரிப்ட் வேறெங்கிருந்தோ எதையாவது இறக்கினாலோ விலகிவிடுங்கள். கெர்னலுக்குள் ஏறும் நிரலுக்குக் கணினியில் எட்டாத இடம் கிடையாது.

ஜிபிஎல் என்ற எல்லையைத் தாண்ட, மாட்யூலின் உரிமக் குறிப்பையே ஜிபிஎல் என்று மாற்றச் சொல்லும் பேட்சுகளும் உலவுகின்றன. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. தான் அல்லாத ஒன்றாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் மாட்யூலைக் கெர்னல் நம்ப வேண்டியிருக்கிறது. நாளை பிழை வந்தால் யாரும் உதவவும் மாட்டார்கள்.

15. இப்படி ஓட்டுவது பாதுகாப்பானதா?

முழுப் பாதுகாப்பு இல்லை. பேட்சுகள் பிணைப்புப் பகுதியை மட்டுமே திருத்துகின்றன. மூடிய இருமக் கோப்பில் இருக்கும் ஓட்டைகளை என்விடியாவைத் தவிர யாராலும் அடைக்க முடியாது. 340க்கு 2019ஓடும் 390க்கு 2022ஓடும் அது நின்றுவிட்டது. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக் கணினிக்கு இதை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பலர் உள்நுழையும் ஆய்வகக் கணினியிலோ வங்கி வேலைகள் நடக்கும் அலுவலகக் கணினியிலோ வேண்டாம். அங்கே நூவோ அல்லது வேறு கார்டு.

16. மடிக்கணினியில் இன்டெலும் என்விடியாவும் சேர்ந்தே இருக்கிறது. எதைப் பயன்படுத்துவது?

இன்டெலை. ஃபெர்மி காலத்து மடிக்கணினிகளில் என்விடியா சில்லைத் தனியே எழுப்பிப் பயன்படுத்தச் செய்யும் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை. மூடிய டிரைவரை நீக்கிவிட்டு நூவோவை அப்படியே விட்டால், பயன்படாத சில்லை அது பெரும்பாலும் தானே உறங்க வைத்துவிடும். மின்கலமும் கூடுதல் நேரம் வரும். நூவோவையும் தடைப்பட்டியலில் போட்டுவிட்டால் சில்லு விழித்தே கிடந்து சூடாகலாம் என்பதைக் கவனியுங்கள்.

17. என்னிடம் இருப்பது பழைய ரேடியான். எனக்கும் இதெல்லாம் உண்டா?

அநேகமாக இல்லை. ஏஎம்டியின் பழைய மூடிய டிரைவரான கேட்டலிஸ்ட் 2015ஓடு நின்றது, உபுண்டு 16.04 அதை விட்டுவிட்டது. அதைத் தேடி அலையாதீர்கள். கெர்னலுக்குள் இருக்கும் 'ரேடியான்', 'ஏஎம்டிஜிபியூ' டிரைவர்கள் அதைவிட நன்றாகவே ஓட்டுகின்றன. எச்டி 7000 காலத்து ஜிசிஎன் கார்டுகளில் வல்கன் (ஓபன்ஜிஎல்லுக்குப் பிந்தைய முப்பரிமாண இடைமுகம்) வேண்டுமானால், பூட் வரியில் 'ரேடியான்' டிரைவரிலிருந்து 'ஏஎம்டிஜிபியூ'வுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இன்டெலில் கெர்னல் சிக்கல் அரிது. சிக்கல் வருவது மெசாவில். 2022இல் வந்த மெசா 22.0 பழைய பாணி டிரைவர்களை விலக்கியது. நான்காம் தலைமுறை முதல் ஏழாம் தலைமுறை வரையிலான (இது செயலியின் தலைமுறை எண் அல்ல) இன்டெல் கிராபிக்ஸுக்கு 'க்ரோகஸ்' என்ற புதிய டிரைவர் இருப்பதால் பயனர் பெரிதாக எதையும் உணர மாட்டார். அதைவிடப் பழையவற்றுக்கு 'ஆம்பர்' என்ற தனிக் கிளை இருக்கிறது.

18. கூடா கற்றுக்கொள்ளப் பழைய கார்டு போதுமா?

கூடா என்பது கார்டிலேயே கணக்கீடுகளை ஓட்ட என்விடியா தரும் நிரலாக்கக் கருவி. கெப்ளரும் 470ம் இருந்தால், சில்லைப் பொறுத்து கூடா 10.2 அல்லது 11.4 வரை கிடைக்கும். அடிப்படைகளைக் கற்க அது போதும். ஃபெர்மிக்குக் கூடா 8.0, டெஸ்லா தலைமுறைக்கு 6.5. இந்த இரண்டும் மிகப் பழைய ஜிசிசியைக் கேட்பவை; அவற்றுக்காக நேரம் செலவிட வேண்டாம். நூவோவில் கூடா இல்லை.

19. என்னுடையது ஜிடிஎக்ஸ் 1050. இன்னும் நன்றாக ஓடுகிறது. நானும் இந்த வரிசைக்கு வருவேனா?

வந்துவிட்டீர்கள். மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா தலைமுறைகளுக்கு 580தான் கடைசிக் கிளை. 590 அவற்றை ஆதரிக்கவில்லை. 2025 டிசம்பரில் ஆர்ச், தன் வழக்கமான என்விடியா தொகுப்பைத் திறந்த மாட்யூல்களுக்கு மாற்றியது. அந்த மாட்யூல்கள் டூரிங் தலைமுறை முதல்தான் வேலை செய்யும். கவனிக்காமல் புதுப்பித்த ஜிடிஎக்ஸ் 1000 வரிசைக்காரர்கள் முதல் கேள்வியில் உள்ள அதே கறுப்புத் திரையைப் பார்த்தார்கள். அங்கே ஏயூஆரில் உள்ள 580 டிகேஎம்எஸ் தொகுப்புக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

இப்போதைக்கு 580 நல்ல நிலையில் இருக்கிறது, ஜிபிஎம் உண்டு, வேலண்ட் ஓடும். தொகுப்பின் பெயரில் 580 என்ற எண் வெளிப்படையாக இருக்கும் தொகுப்பையே நிறுவுங்கள். 'சமீபத்திய என்விடியா' என்ற பொதுத் தொகுப்பு உங்களை 590க்கு இழுத்துப் போய்விடும். கூடவே 6.12 போன்ற ஒரு எல்டிஎஸ் கெர்னலையும் இன்றே நிறுவி வையுங்கள்.